எந்தையார் பெயரில் ஒரு வேலி

எம் தந்தையார் வஃபாத்தானது 1999ஆம் ஆண்டில். சில வாரங்கள் கழிந்தபின், எம் தாயாரும் மக்கள் ஐவரும் கூடியிருக்க, அன்னாரின் தகரப்பெட்டியைத் திறந்தோம். மதரஸாவில் ஓதி ஸனது பெற்று யாம் ஆசிரியப் பணியில் அமர்ந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. எனினும் ஃபராயிள் கற்றிருந்தோம் என்பதால் பாகப் பிரிவினைப் பொறுப்பை எம்மிடமே விட்டிருந்தனர். கணக்கோ மிக எளிது. தாயாருக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழில் ஆண்மக்கள் இருவருக்கும் தலைக்கு இரண்டு, பெண்மக்கள் மூவருக்கும் தலைக்கு ஒன்று. பிசிறு விழாத கணக்கு. மாணவர்க்குப் பலகையில் எழுதிக் காட்டத் தக்கது என்று அத்துயரிலும் எம் உள்ளம் எண்ணியதை ஒப்புக்கொள்கிறோம்.

பெட்டியில் ஒரு கதர்த்துண்டு, காங்கிரஸ் உறுப்பினர் சந்தா ரசீதுகள் ஒரு கட்டு, காமராசர் படம் அச்சிட்ட நாட்காட்டித் தாள் ஒன்று. அவற்றின் அடியில் முத்திரைத் தாளில் எழுதிய ஒரு கிரயப் பத்திரம் இருந்தது. எம்மூருக்குக் கிழக்கே ஒரு வேலி நன்செய், அதாவது ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலத்தை, எந்தையார் தம் தாய்மாமனிடமிருந்து விலைக்கு வாங்கியதாக 1959இல் பதிவாகியிருந்தது. நெல் மண்டியில் கணக்கெழுதி ஐந்து மக்களை வளர்த்தவர் அவர். தஞ்சைத் தரணியில் ஒரு வேலிக்கு உடையவராய் இருந்தார் என்பது எமக்கு அன்றுதான் தெரியவந்தது.

எம் தாயார் பத்திரத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது நம்மது இல்லை தம்பி. பெரிய மாமாவுது. சட்டம் வருதுன்னு எழுதி வச்சது" என்றார்.

சட்டம் வருகிறது என்று 1959இல் ஒரு மிராசுதாருக்கு எவ்வாறு தெரிந்தது? விடை காண வேண்டுமாயின் ஆவடிக்குப் போக வேண்டும்.

1955 ஜனவரியில், தேபர் அவர்கள் தலைமையில், சென்னைக்கு அருகேயுள்ள ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அப்போது எந்தையாருக்கு வயது இருபத்துநான்கு. ஊர்க் கமிட்டியாரோடு ரயிலேறிச் சென்று, திடலின் கடைக்கோடியில் நின்று, நேருவின் குரலை ஒலிபெருக்கியில் கேட்டுத் திரும்பியவர். நாட்டின் திட்டமிடுதல் யாவும் 'சமதர்ம பாணிச் சமுதாயம்' ஒன்றை அமைக்கும் நோக்கில் நடைபெற வேண்டும், உற்பத்திக்குரிய முதன்மைச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்று அங்கே தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானத்தை எந்தையார் தம் ஆயுள் முழுதும் பாடம் போல ஒப்புவித்து வந்தார்.

இக்கருத்து ஆவடியில் திடீரென முளைத்ததன்று. 1931இல் கராச்சியில் பட்டேல் தலைமையில் கூடிய மகாசபையே, முக்கியத் தொழில்களும் ரயில்வேயும் கனிவளமும் அரசின் உடைமையில் அல்லது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கு நான்காண்டு முன்பே நேரு மாஸ்கோ சென்று வந்திருந்தார். 1934இல் மகாசபைக்குள்ளேயே காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சி தோன்றியது. ஆசார்ய நரேந்திர தேவ், ஜெயப்பிரகாஷ் நாராயண், பம்பாயின் யூசுஃப் மெஹரலி ஆகியோர் அதன் மூலவர்கள். விடுதலைக்குப் பின், 1948இல், அவர்கள் மகாசபையை விட்டு வெளியேறினார்கள். ஆட்கள் போயினர், கருத்தோ உள்ளேயே தங்கிவிட்டது. சொன்னவர்கள் வெளியேறியதனால் அதற்கு உரியவர் இல்லாமற்போய், எல்லாரும் எடுத்தாளும் பொதுச் சொத்தாயிற்று என்றும் சொல்லலாம்.

சொல்லாராய்ச்சி எம் தொழில் ஆதலின் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. ஆவடித் தீர்மானம் 'சமதர்மம்' என்று கூறவில்லை. 'சமதர்ம பாணி' என்றது. ஆங்கில மூலத்திலும் சோஷலிசம் என்ற பெயர் ஒரு விகுதி ஏற்று, 'சாயல் உடையது' என்ற அளவுக்கு நெகிழ்ந்துதான் நின்றது. அந்த நெகிழ்ச்சியில்தான் ஆலை முதலாளியும் மிராசுதாரும் மகாசபையில் தொடர்ந்து அமர இடம் கிடைத்தது. அரபு மொழியில் இதற்கு 'இஷ்திராகிய்யா' என்று பெயர். கூட்டாகப் பங்கு கொள்ளுதல் என்பது பொருள். எம் இளமையில் ஒரு பெரியவர், இதன் வேர்ச்சொல்லும் 'ஷிர்க்'கின் வேர்ச்சொல்லும் ஒன்றே, ஆகையால் இது ஆகாது என்று பள்ளிவாசல் திண்ணையில் வாதிட்டார். எம் உஸ்தாது சிரித்துக்கொண்டே, வணிகக் கூட்டுக்கு ஃபிக்ஹு நூல்கள் இட்ட 'ஷரிகத்' என்ற பெயரும் அதே வேரிலிருந்துதான் வந்தது, அந்தப் பாடத்தைக் கிழித்துவிடுவோமா என்று கேட்டார்கள்.

தீர்மானம் வெறும் தாளோடு நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இம்பீரியல் வங்கி, ஸ்டேட் வங்கியாயிற்று. 1956இல் 245 ஆயுள் காப்பீட்டு அமைப்புகளை ஒன்றுசேர்த்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான தொழிற்கொள்கை பதினேழு தொழில்களை அரசின் பொறுப்பில் வைத்தது. பேராசிரியர் மஹலனோபிஸ் வகுத்த இரண்டாம் திட்டம் எஃகுக்கும் கனரக இயந்திரங்களுக்கும் முதலிடம் தந்தது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் நம் மக்கள் கண்ணால் கண்டவை. கால்டார் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞரின் யோசனைப்படி செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி ஆகியவை வந்தன. செலவு வரியை இருமுறை கொண்டுவந்து இருமுறையும் நீக்கினர். அதனால் கருவூலத்துக்குக் கிடைத்தது சொற்பமே.

இனி நிலம். இங்கேதான் கருத்து தன் சொந்த வீட்டாரை எதிர்ப்பட்டது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய மகாசபை, கூட்டுறவுப் பண்ணை முறையை இலட்சியமாக ஏற்றது. நில உச்சவரம்புச் சட்டங்களை எல்லா மாநிலங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்றும் பணித்தது. உழவர் தலைவரான சரண்சிங் உள்ளிருந்தே எதிர்த்தார். இராஜாஜி அவ்வாண்டே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். இவை வெளிப்படையான எதிர்ப்புகள். ஓசையற்ற எதிர்ப்பே வலியது. வங்கியும் காப்பீடும் மத்திய அரசின் அதிகாரத்தில் உள்ளவை. தில்லியில் ஓர் அவசரச் சட்டத்தில் கையொப்பமானால் ஓரிரவில் கைமாறும். நிலமோ அரசியல் சட்டப்படி மாநிலங்களுக்குரியது. மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தவர்களிலும், அவர்களுக்குக் கிராமத்தில் வாக்குத் திரட்டித் தந்தவர்களிலும் நிலமுடையவர்கள் நிறைந்திருந்தனர். ஆண்டு இறுதிக்குள் சட்டம் வரவேண்டும் என்று நாகபுரி சொன்னது, நிலமற்றவர்களுக்கு வாக்குறுதி, நிலமுடையவர்களுக்கோ முன்னறிவிப்பு.

பெரிய மாமா அந்த அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்தவர். அவருக்குப் பன்னிரண்டு வேலி இருந்தது. மருமக்களையும் நம்பிக்கைக்குரியவர்களையும் அழைத்து ஆளுக்கு ஒரு வேலி, அரை வேலி என்று எழுதினார். பணம் கைமாறவில்லை. கிஸ்தி ரசீது எந்தையார் பெயரில் வரும், செலுத்துபவர் மாமா, நெல் போய்ச் சேர்வதும் மாமா வீட்டுக்கே. சென்னை மாநில நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் நிறைவேறியபோது, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரையறுத்தது. தப்பிக்கும் மாற்றங்களைத் தடுக்க, 1960 ஏப்ரல் 6 என்ற முன்தேதியையும் குறித்தது. எம் பெட்டியிலிருந்த பத்திரம் அதற்கும் முந்தியது.

மண்டி வேலையை எந்தையாருக்கு வாங்கித் தந்தவர் மாமா. இரு சகோதரிகளின் திருமணத்தை முன்னின்று நடத்தியவரும் மாமா. மறுக்கும் நிலையில் எந்தையார் இல்லை. பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பிய நாளில் அவர் சோறு உண்ணவில்லை என்று எம் தாயார் சொன்னார்கள். ஆவடியைப் பற்றி எம்மிடம் ஆயிரம் முறை பேசியவர், நாகபுரியைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது.

1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையானபோது, வட்டியை அணுகாத அம்மனிதர் தெருவில் மிட்டாய் வழங்கினாராம். அவ்வாண்டு ஜூனில் நாடெங்கும் இருந்த வங்கிக் கிளைகள் 8,262. அவற்றுள் கிராமங்களில் இருந்தவை 22 விழுக்காடே. 1990இல் கிளைகள் ஏறத்தாழ 60,000 ஆயின. பாதிக்கு மேல் கிராமங்களில். இதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 1970இல் தி.மு.க. ஆட்சி நில உச்சவரம்பைப் பாதியாக, 15 தர ஏக்கராகக் குறைத்தது. எம்மூரில் மேலும் சில பத்திரங்கள் எழுதப்பட்டன. 1976இல் 42ஆம் திருத்தத்தினால் சமதர்மம் என்ற சொல் அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே ஏறிற்று. 1991இல் அதே காங்கிரஸ் தொழிலுரிமக் கதவுகளைத் திறந்து, அரசுடைமையிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது. பாணி என்ற நெகிழ்ந்த சொல் முன்னேறுவதற்கும் உதவிற்று, பின்வாங்குவதற்கும் உதவிற்று.

பெட்டிக்குத் திரும்புவோம். எம் தமையனார் ஊர் வக்கீல் ஒருவரைக் கண்டு வந்து, சட்டப்படி நிலம் நம்முடையதே என்றார். 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டப்படி, உண்மை உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டு வருபவர் பினாமிதாரரிடமிருந்து சொத்தை வழக்கிட்டுப் பெற முடியாது. மாமாவும் காலமாகிவிட்டார். எட்டுப் பங்கானால் ஒரு பங்குக்கு இரண்டரை மா. மணமாகாத தங்கை ஒருத்தி வீட்டில் இருந்தாள். எல்லாரும் எம் முகத்தைப் பார்த்தார்கள்.

உஸ்தாதிடம் சென்றோம். ஹனஃபி நூல்களில் 'பைவுத் தல்ஜிஆ' என்றொரு பகுதி உண்டு. அநியாயக்காரன் பறித்துக்கொள்வான் என்றஞ்சி, உள்ளத்தில் விற்காமல் நாவால் மட்டும் விற்றதாகக் காட்டும் விற்பனை அது. அது விற்பனையே ஆகாது; பொருள் பழைய உடையவரைச் சேர்ந்தது. ஆகவே மையித்தின் சொத்தில் இந்நிலம் சேராது என்று யாமே விடையைச் சொல்லி, சரிதானா என்று கேட்டோம். சரி என்றார்கள். சற்று நேரம் கழித்து, "உம் பெரிய மாமா யாருக்கு அஞ்சி எழுதினார்? அந்த அநியாயக்காரர் யார்?" என்று கேட்டார்கள். எமக்கு விடை வரவில்லை. அவர் அஞ்சியது எந்தையாரின் கட்சிக்கு. அக்கட்சி யாருக்காகப் பறிக்க வந்ததோ அவர்களோ, எம்மூர்க் கிழக்குச் சேரியில் இருந்தனர். அவர்களுள் ஒருவர் தம் தந்தையின் காலந்தொட்டு அந்த ஒரு வேலியை வாரத்துக்கு உழுது வந்தார். அவர் பெயர் கிரயப் பத்திரத்திலும் இல்லை, குத்தகைப் பதிவேட்டிலும் இல்லை, எம் ஃபராயிள் கணக்கிலும் இல்லை.

மாமாவின் மக்களுக்கே எழுதிக் கொடுத்தோம். உழுகிறவரை அகற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம், ஆகட்டும் என்றார்கள். அதைப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எந்தையார் கையொப்பமிட்ட அதே அலுவலகத்தில் யாமும் கையொப்பமிட்டோம். 2007இல் அந்நிலம் வீட்டு மனைகளாகி விலைபோயிற்று. உழுதவருக்கு ஏதோ கொடுத்ததாகக் கேள்வி.

2005இல் காங்கிரஸ் தலைமையிலான அரசு, கிராமக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு நூறு நாள் வேலை தரும் சட்டத்தை இயற்றியது. எதையும் அரசுடைமையாக்காத அச்சட்டம், பங்கு கொள்ளுதல் என்ற அரபுச் சொல்லுக்குப் பதினேழு தொழில்களை விட அருகில் நிற்பதாக எமக்குத் தோன்றுவதுண்டு. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோடைக் காலையில், மதரஸாவுக்குப் போகும் வழியில், அந்த வேலைக்கு வந்திருந்தவர்கள் தூர்ந்த வாய்க்காலை வெட்டிக்கொண்டிருக்கக் கண்டோம். அவர்களிடையே அந்த முதியவரும் இருந்தார். மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து ஸலாம் சொல்வது போலக் கையை உயர்த்தினார்.

"அசரத்து, உங்க அத்தா பேருல இருந்த வேலிக்குத் தண்ணி போன வாய்க்கால்தானுங்க இது" என்றார்.