மன்னாரில் மூன்று நாட்கள்

பிரயாணம் என்பது கையில் காசு மிகுந்தோரின் பொழுதுபோக்கு என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. விடுமுறை வந்ததும் நுவரெலியாவின் குளிருக்கும் தென்கரையின் கடலோர விடுதிகளுக்கும் ஓடுவதே உல்லாசம் என விளம்பரங்கள் நமக்குக் கற்பித்துவிட்டன. ஆசிரியச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோருக்கும், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துத் தம் படிப்புச் செலவைச் சமாளிக்கும் மாணவருக்கும் அந்த உல்லாசம் எட்டாக்கனி. எட்டாததை எண்ணி ஏங்குவதிலும், எட்டக்கூடியது யாதெனத் தேடுவதே அறிவுடைமை. அவ்வாறு தேடியபோதே மன்னார் நம் கண்ணிற்பட்டது.

மன்னாருக்கு வெயிலின் ஊர் என்று பெயர் சூட்டலாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையை நம்பியே ஆண்டு முழுவதும் வாழும் வறண்ட நிலம் அது. உப்புக் காற்றும் பனைமரங்களும் வீதியிற் படுத்துறங்கும் கழுதைகளுமே அங்கு புதியவரை வரவேற்பவை. இந்தக் காரணங்களாலேயே உல்லாசப் பிரயாணிகள் பலர் அவ்வூரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதே காரணங்களால் அங்கு சிக்கனமாகத் தங்கவும் முடிகிறது.

இரவுப் புகையிரதத்தில் மூன்றாம் வகுப்பிற் சென்றோம். மின்விசிறி மாத்திரமுள்ள ஓர் அறையை எடுத்தோம். காலையிற் பாணும் சம்பலும், மதியம் சோறும் மீன் குழம்பும் சொதியும், மாலையில் வெறுந்தேநீர். மன்னார்த் தீவு மேடு பள்ளமற்ற சமநிலம் ஆதலால் இரவல் சைக்கிள்களே ஊர் சுற்றப் போதுமாயின. உச்சி வெயிலில் நிழல் தேடுவதும், காலையிலும் மாலையிலும் வெளிக்கிளம்புவதும் உள்ளூர் மக்களின் வழக்கம்; நாமும் அதனையே கைக்கொண்டோம். சைக்கிளிற் செல்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எவரும் அவனை மறித்து எதையும் விற்க முனைவதில்லை. ஆனால் எவரும் அவனோடு நின்று பேசுவர்.

பார்க்க வேண்டியவை என்று ஊரார் முதலிற் சுட்டுவது கோட்டையை. போர்த்துக்கேயர் 1560இல் அமைத்த அக்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அடுத்து, பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரம். ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுடைய அந்த ஆபிரிக்க மரத்தையும், தெருவில் திரியும் கழுதைகளின் மூதாதையரையும் அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது மக்களின் நம்பிக்கை. பெருநிலப்பரப்பில் மாந்தைத் துறைமுகத்தின் புதையுண்ட பழமையும், அதனருகே திருக்கேதீச்சரமும் உள்ளன. தெற்கே அரிப்பில் தேசாதிபதி நோர்த் கட்டுவித்த மாளிகை கடலரிப்பிற் சிதைந்து நிற்கிறது. அவர் அங்கிருந்து கண்காணித்தது முத்துக் குளிப்பை.

முத்தைப் பற்றிப் பாடியோர் பலர். முத்துக் குளித்தவனைப் பற்றி எழுதியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் லெனாட் வுல்ஃப். 1906இல் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்த இளம் உத்தியோகத்தர் அவர். பின்னாளில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து எழுதியவர். மூச்சை அடக்கிக் கடலடியிலிருந்து சிப்பி அள்ளி வந்தவன் அதனை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்றே அவனுக்கு. சுரண்டல் என்னும் சொல்லை மாணவருக்கு விளக்க இதனினும் எளிய கணக்கு வேறில்லை.

தலைமன்னார், நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். அங்கு ஒரு பழைய இறங்குதுறை இருக்கிறது. 1914இல் கொழும்புப் புகையிரதமும் கப்பலும் தனுஷ்கோடிப் புகையிரதமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பற் போக்குவரத்து எண்பதுகளின் போரிலே நின்றது. போர் தின்ற தண்டவாளம் 2015இலேயே மீண்டும் தலைமன்னாரைத் தொட்டது.

அத்துறையின் பழம்பெருமையை வியப்போர், அதன் வழியே வந்தும் போயும் அலைந்தவர் யாரென்று கேட்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாளர் மன்னார்க் கரையிலேதான் இறங்கினர். அங்கிருந்து மாத்தளைவரை காட்டுவழியே கால்நடையாகச் சென்றனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியில் மாண்டோர் ஆயிரமாயிரம். தப்பியோர் காட்டை அழித்துத் தோட்டமாக்கினர். நாட்டுக்குச் செல்வம் ஈட்டினர். அவர்தம் சந்ததியாரின் குடியுரிமையை 1948இன் சட்டம் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரிற் பெருந்தொகையினர் அதே தலைமன்னாரிலிருந்து கப்பலேறினர். பாட்டன் நடந்து வந்த கரையிற் பேரன் அழுதுகொண்டு கப்பலேறினான்.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்தனர். ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை நடைபெற்ற அந்நடை, உரிமையையும் அங்கீகாரத்தையும் கேட்ட நடை. அவ்வழியின் தொடக்கத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தோம். மணலும் கடலும் காற்றும் தவிர அங்கு வேறொன்றுமில்லை. அந்த வெறுமையே பல நூல்களை விட அதிகம் சொல்லிற்று.

மன்னார் மண் சொல்லும் கதைகளுட் சில நமக்கு இனிப்பவையல்ல. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வீடுகளை விட்டு, படகேறிக் கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். தமிழ் பேசும் மக்களின் உரிமை பற்றிப் பேசும் எவரும் இதனை மறைத்துப் பேச முடியாது. தன் இனத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியை மாத்திரம் காண்பவன் நீதியின் பக்கம் நிற்பவனல்லன்.

பேசாலைக் கரையிற் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நாம் படிப்பிப்பவர் என்றறிந்ததும் கையை நிறுத்திச் சொன்னார்: “மாஸ்டர், நாங்கள் பாத்துக்கொண்டிருக்க எங்கட கடலை வழிச்சுக்கொண்டு போறாங்கள். வலையும் போச்சு, வலைக்கு எடுத்த கடன்தான் நிக்குது.” எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகளைப் பற்றியே அவர் சொன்னார். கடலடியைச் சுரண்டும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் பாக்குநீரிணையில் அது ஓயவில்லை. “வாறவனும் கூலிக்காரன்தானே, முதலாளி வீட்டிலதான் நித்திரை” என்று அவரே முடித்தார். இரு கரையிலும் ஒரே மொழி பேசும் ஏழைகளை ஒருவர்மீது ஒருவர் ஏவிவிட்டு இலாபம் வளர்வதை இதைவிடத் தெளிவாக எவர் சொல்வர்?

தீவின் தென்கரையில் 2020 முதல் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. மேலும் காற்றாலைகள் அமைப்பதையும் கனிய மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். மின்சாரம் வேண்டாமென்று நாம் சந்தித்த எவரும் சொல்லவில்லை. மழை நீர் எங்கே வடியும், வாடி எங்கே போடுவது, வலசை வரும் பறவைகள் எங்கே இறங்கும், எங்களைக் கேட்டது யார் என்றே கேட்டனர். அபிவிருத்தியை மதிப்பிடும் அளவுகோல் இக்கேள்விகளுள் அடங்கியிருக்கிறது.

மூன்று நாட்களில் நாம் செலவிட்ட பணம், பெரிய விடுதியொன்றில் ஓரிரவு தங்கவும் போதாது. ஆயினும் சிக்கனத்தின் பயன் பணம் மிஞ்சுவது மாத்திரமன்று. குளிரூட்டிய வாகனத்திற் செல்பவர் காண்பது காட்சி. மூன்றாம் வகுப்பிலும் சைக்கிளிலும் செல்பவர் சந்திப்பது மனிதரை. ஆதலால் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்ல இடந் தேடுகையில் மன்னாரையும் எண்ணிப் பாருங்கள். மாணவர் குடிக்கத் தண்ணீரும், வெயிலுக்குத் தொப்பியும், எழுதக் கொப்பியும் எடுத்துச் செல்லட்டும். கோட்டையைக் கட்டியவன் பெயரை அவர்கள் பாடப்புத்தகத்திற் படித்துக்கொள்வர். அக்கோட்டைக்குக் கல் சுமந்தவன் யாரென்று கேட்க, அங்கே போய்த்தான் பழக வேண்டும்.