மரக்குதிரையும் ஒரு சம்மட்டியும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் வழியே பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. இவற்றுள் எள்ளலை வகுப்பில் விளக்கும்போது, 1819-ஆம் ஆண்டின் லண்டன் கேலிச்சித்திரங்கள் சிலவற்றைத் திரையில் காட்டுவது நம் வழக்கம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் அவை காணக் கிடைக்கின்றன.

அச்சித்திரங்களின் நாயகன் மிதிவண்டியின் முப்பாட்டன். மிதி இல்லாத வண்டி. இரண்டு சக்கரங்கள், அவற்றை இணைக்கும் மரச்சட்டம், அதன்மேல் ஓர் இருக்கை. அமர்ந்தபடியே கால்களால் தரையை உந்தி ஓடவேண்டும். 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் இதனை ஓட்டிக் காட்டினார். 1815-இல் தம்போரா எரிமலை வெடித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவில் விளைச்சல் பொய்த்தது. குதிரைகளுக்குத் தீவனம் அரிதானதே இவ்வண்டியின் பிறப்புக்குக் காரணம் என்று கருதும் ஆய்வாளரும் உளர்.

லண்டனில் டெனிஸ் ஜான்சன் என்னும் சாரட்டு வண்டி செய்பவர் 1818 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பணமும் பொழுதும் மிகுந்த இளைஞர்கள், நம் ஊர் வழக்கில் சொன்னால் மைனர்கள், வாங்கி ஓட்டினர். 1819-இல் கவிஞர் கீட்ஸ் அமெரிக்காவிலிருந்த தம்பிக்கு எழுதிய கடிதத்தில்கூட இவ்வண்டி இடம்பெற்றுவிட்டது. ஓவியர்கள் விடுவார்களா? ராபர்ட், ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் சகோதரர்களும் பிறரும் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்ட படங்கள், கையால் வண்ணம் தீட்டப்பெற்றுக் கடைச் சாளரங்களில் தொங்கின. இடுப்பிறுக்கிய சட்டையும் உயர்ந்த கழுத்துப்பட்டியுமாக மைனர்கள் குப்புற விழுந்தனர். அரச குடும்பமும் தப்பவில்லை. வின்ட்சரில் நோயுற்றிருந்த மன்னரைப் பேணும் பொறுப்புக்காக அவருடைய மகன் யார்க் கோமகனுக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு வழங்கப்பட்டது. அவர் மரக்குதிரை ஏறி வின்ட்சருக்கு விரைவதாக வரைந்து தள்ளினர். வசையை மறைக்காமல் வெளிப்படையாகச் சொல்லும் செம்பொருள் அங்கதத்துக்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைத்ததில்லை.

ராபர்ட் குரூக்‌ஷாங்கின் படம் ஒன்றில், இலாடம் அடிக்கும் கொல்லரும் குதிரை வைத்தியரும் சேர்ந்து மைனரையும் அவர் வண்டியையும் தாக்குகிறார்கள். ஆண்டுதோறும் வகுப்பு சிரிக்கும், நாமும் சிரிப்போம். சில ஆண்டுகளுக்கு முன், பட்டறைத் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, இந்தக் குதிரைக்கு இலாடம் வேண்டாமே, அந்தக் கொல்லர் பிறகு என்ன செய்வார்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. இத்தனை ஆண்டுகள் படத்தின் நடுவில் நின்ற மனிதரை விட்டுவிட்டு, கீழே விழுந்துகிடந்தவரை மட்டுமே பார்த்துவந்திருக்கிறோம் என்று அன்றுதான் உறைத்தது.

அந்தக் கொல்லர் அப்போதைக்குப் பிழைத்தார். நடைபாதையில் ஓட்டியவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். ஏளனமும் சேர்ந்துகொள்ள, மோகம் விரைவில் அடங்கியது. 1860-களில் பாரிசில் மிதிகள் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. பின்னர் மோட்டாரும் வந்தது. இலாடம் அடிக்கும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அவர் அச்சம் பேதைமை அன்று. சற்று முன்கூட்டியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படத்தை இன்றும் காட்டுகிறோம். வகுப்பு சிரித்து முடித்ததும், அந்த மாணவரின் கேள்வியை நாமே கேட்கிறோம்.