மூட்டை கட்டுமுன்…

பிள்ளையாண்டான் வெளியூரில் அறை எடுத்துத் தங்கப் போகிறான். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் டப்பாவில் அடைத்தாகிவிட்டது. ஆனால் அம்மணி, காஸ் அடுப்பை ஒரு தரமாவது அவன் கையில் விட்டுப் பார்த்தீர்களோ?

பெண்ணுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை விட்டுவிடுகிறோம். காஸுக்கு அந்தப் பேதமெல்லாம் தெரியாது!

சாதம் குழைந்தால் பாதகமில்லை. பசித்தால் தானே சாப்பிடுவான். காஸ் விஷயம் வேறு. அது காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கிவிடும். நாற்றம் வந்ததும் கை முதலில் போவது ஸ்விட்சுக்குத்தான். விளக்கோ மின்விசிறியோ, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு டெலிபோன் செய்யவேண்டும். வாயால் சொன்னால் போதாது. கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டரைத் திருகி மூடச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இன்னொன்று. சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையில் உட்புறமாக ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். 'ஏ' முதல் 'டி' வரை, எழுத்துக்கு மூன்று மாதம். 'பி-27' என்றால் 2027 ஜூனுக்குள் அதை மறுபடி சோதிக்கவேண்டும். கெடு தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

அடுத்த சிலிண்டர் வரும் அன்று நீங்கள் உள்ளேயே இருங்கள். வாசலுக்கு அவன் போகட்டும்.