ஓடிக்கு வந்த கூட்டம்

கல்லூரியில் ஆவணப்படம் போட்டால் கூட்டம் சேர்ப்பதற்குத் தெரிந்த ஒரே வழி, ஓடி கொடுப்பதுதான். ஆன் டியூட்டி என்று வருகைப் பதிவில் குறித்துவிட்டால் விஸ்காம் மட்டுமில்லை, காமர்ஸ், கணிதம், உடற்கல்வி வரை எல்லோரும் செமினார் ஹாலுக்கு வந்துவிடுவார்கள். கடைசி வரிசை முதலில் நிரம்பும். நுழைவு இலவசம் என்று போஸ்டரில் போட்டிருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்கு அது இரண்டு பீரியட் விடுதலை.

மதுரைக்கு இதில் பழக்கம் உண்டு. அமுதன் ஆர்.பி.யின் 'மறுபக்கம்' 1998 முதல் இங்கே ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறது. டிசம்பர் 6-ஐ ஒட்டித் தொடங்கும் அந்த விழாவின் படங்கள் கல்லூரி வளாகங்களுக்கும் போகும். நான் சொல்ல வருவது அந்த விழாவைப் பற்றி அல்ல. திருப்பரங்குன்றத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில், 'சோதனை ஆவணப்படங்கள்' என்ற தலைப்பில் விஸ்காம் துறை ஒரு பிற்பகலில் போட்ட படங்களைப் பற்றி.

முதலில் யோரிஸ் இவென்ஸும் மன்னுஸ் ஃபிராங்கனும் எடுத்த 'மழை'. 1929-ல் வந்தது, சுமார் பன்னிரண்டு நிமிடம். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் மழை வருகிறது, பெய்கிறது, விடுகிறது. அவ்வளவுதான். பல மாதங்களாகச் சேர்த்த மழைக் காட்சிகளை ஒட்டி ஒரே மழையாக்கியிருக்கிறார்கள். மௌனப் படம். ஆனால் பரங்குன்றத்தில் மௌனப் படம் மௌனமாக ஓடாது. முருகன் தெய்வானையை மணந்த ஊர் என்பதால் முகூர்த்த நாளில் தெருவுக்குத் தெரு கல்யாணம். எங்கோ ஒரு மண்டபத்து நாதஸ்வரம் ஜன்னல் வழியே வந்து ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் விழுந்தது. நடுவில் செங்கோட்டை பாசஞ்சர் ஹாரன் வேறு. திரையில் கால்வாய் மீது முதல் துளி விழுந்தபோது பின்வரிசையில் விசில் பறந்தது. கண்மாய் வற்றிக் கிடக்கிற ஊர்ப் பிள்ளைகள். மழைக்கு விசிலடிக்காமல் வேறெதற்கு அடிப்பார்கள்?

படம் முடிந்ததும், "இதுல என்ன சார் சொல்ல வர்றாங்க?" என்றான் ஒருவன். பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்தவன், "மழையத்தான்டா சொல்றாங்க" என்றான். அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அடுத்து பிரமோத் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' (1968). பிம்பங்கள் கண்ணைக் குத்துகிற வேகத்தில் மாறும். இது அரசாங்கத்தின் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்பு என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அந்தக் காலத்தில் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் ஓட்டியே தீர வேண்டும், சட்டம் அப்படி. வெள்ளச் சேதம், அணைக்கட்டு, குடும்பக் கட்டுப்பாடு என்று ஓடும்போது பாதிப் பேர் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பாதி உட்கார்ந்து பார்க்கும். அவர்களும் ஒருவகையில் ஓடிக்கு வந்த கூட்டம்தான். சோதனைப் படங்களுக்கு ரசிகர்கள் வேண்டும் என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ரசித்தே தீருவது என்று முடிவுகட்டி வருகிறவனிடம் படத்துக்கு என்ன வேலை? ஒன்றும் தெரியாமல், மனமில்லாமல் உட்கார்ந்திருப்பவனைத்தான் அது ஏதாவது செய்யும். செய்யாமலும் போகலாம், பதி படத்தின்போது பாதி ஹால் செல்போனில் இருந்தது.

செல்போன்கள் அணைந்தது அமுதனின் 'பீ' ஓடியபோதுதான். 2003-ல் எடுத்தது. மதுரையில் ஒரு கோயிலை ஒட்டிய தெருவில் மலம் அள்ளும் பெண் துப்புரவுப் பணியாளர் ஒருவரைக் கேமரா விடாமல் பின்தொடர்கிறது. சாம்பலைப் போடுகிறார், கூட்டுகிறார், அள்ளுகிறார், மறுபடி கூட்டுகிறார். இடையிடையே வைகிறார். இதைச் சோதனைப் படம் என்ற பட்டியலில் சேர்க்கலாமா என்று பேராசிரியருக்கே தயக்கம். எனக்கு இல்லை. வெட்டி எறிய வேண்டிய நேரத்தை வெட்டாமல் வைப்பதும் ஒரு சோதனைதான். முன்வரிசைப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். திரையில் நாற்றம் இல்லை. மூடினாள். வசனமோ புள்ளிவிவரமோ அந்தக் கையை மூக்குக்குக் கொண்டுபோயிருக்காது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993-லேயே சட்டம் வந்துவிட்டது; படம் அதற்குப் பத்தாண்டு கழித்து எடுத்தது. 2013-ல் இன்னொரு சட்டமும் போட வேண்டியிருந்தது.

கேள்வி நேரத்தில், "அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிருச்சு சார், எதுக்கு இவ்வளவு நேரம்?" என்று ஒரு குரல். நியாயமான கேள்வி. புரிவதற்காக மட்டும் எடுத்திருந்தால் ஐந்து நிமிடம் அதிகம்தான். ஆனால் மலம் அள்ளும் அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதவில்லையே.

அதற்குப் பிறகு நடந்தது, எந்த விழாவிலும் காசு கொடுத்துக் கேட்க முடியாத சண்டை. படம் எடுத்தவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அந்தம்மாவுக்கு ஒரு கை கொடுத்திருக்கலாமே என்றான் உடற்கல்விப் பையன். "அவர் அன்னிக்கு அள்ளிட்டுப் போயிருவாரு, மறுநாளும் அவங்கதான அள்ளணும்?" என்று மூக்கை மூடிய பெண் திரும்பி உட்கார்ந்து கேட்டாள். அப்ப படம் எடுத்து மட்டும் என்ன மாறுச்சு என்றான் அவன். "நீ பாத்தேல்ல" என்றாள். "பாத்துட்டு?" என்றான். அவளிடம் அதற்குப் பதில் இல்லை, எங்களிடமும் இல்லை. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஹாலைப் பூட்ட வேண்டும் என்று உதவியாளர் வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.