அளந்து போடும் அறம்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும் கணக்கு வேறு, கருணை வேறு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கொடுக்கும் கை எண்ணிப் பார்க்கலாகாது என்பது அவர்தம் கொள்கை. தன் பொருளை ஈவோனுக்கு அது பொருந்தலாம். பிறர் பொருளைப் பெற்று வறியோர்க்குப் பகிரும் பணியை ஏற்றவனுக்கு அது சிறிதும் பொருந்தாது.

2022 ஆம் ஆண்டிலே எங்கள் ஊர் வாசிகசாலையினர் 60 குடும்பங்களுக்கு வாரந்தோறும் உலருணவு வழங்க முன்வந்தனர். கல்லூரி ஆசிரியன் கணக்கறிவான் என்னும் நம்பிக்கையாற் பொருளாளர் பதவி என் தலையிற் சுமத்தப்பட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு 94.9 வீதம் உயர்ந்திருந்தன.

இத்தகைய காலத்தில் ரூபாவில் எழுதிய வரவுசெலவுத் திட்டம் ஒரு திங்களுக்கும் நிலைக்காது. ஆதலின் எங்கள் கணக்கேட்டைப் பண்டத்தின் அளவாலே எழுதலானோம். குடும்பமொன்றுக்கு வாரத்துக்கு அரிசி எத்தனை கிலோ, பருப்பு எவ்வளவு என்பது முதல் நிரல். அன்றைய விலை அதனருகே. நன்கொடை கைக்கு வந்த அன்றே கெடாத பண்டங்களை வாங்கிவிடுவோம். பெட்டியிற் கிடக்கும் பணம் நாளுக்கு நாள் மெலியும். வண்டு படாது காத்த அரிசி மெலிவதில்லை. நகரத்து மொத்தக் கடையில் விலை குறைவுதான். எனினும் டீசலுக்கு வரிசையில் நின்ற அந்நாட்களில் லொறிக் கூலியையும் கூட்டிப் பார்த்தபோது அருகிலிருந்த சங்கக்கடையே மலிவாயிற்று.

பெரும் நிவாரணங்களுக்கும் இதே கணக்குத்தான். சந்தையிற் பண்டம் தாராளமாக உள்ளபோது பணமாகக் கொடுப்பதே சிக்கனம். களஞ்சியமும் வேண்டா, லொறியும் வேண்டா; பெறுவோர் தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்து வாங்குவர். பண்டம் அருகி, விலை நாளுக்கொன்றாய் ஏறும்போதோ பொருளாகக் கொடுப்பதே வறியோர்க்கு அரண். 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொழும்புத் துறைமுகத்தை அடைந்த முதற் கப்பலில் 9,000 தொன் அரிசியும், அதனுடன் பால்மாவும் மருந்தும் வந்தன. ரூபா எவ்வளவு வீழ்ந்தபோதும் அவ்வரிசியின் அளவு குறையவில்லை. வெளிநாட்டுச் செலாவணி இன்மையாற் கடையிலே கிடையாதிருந்த மருந்தைப் பணத்தால் ஈடுசெய்தல் எங்ஙனம்?

யூன் மாதத்தில் எங்களிடமிருந்த பணம் 38 முழுப்பொதிகளுக்கே போதியதாயிற்று. "எல்லாப் பொதிகளையும் ஒரே அளவாகச் சிறிதாக்குவோம்" என்றார் ஒருவர். சமமாகக் குறைத்தால், வேறு வழியற்றோர் வீட்டிலேதான் அடுப்பு முதலில் அணையும் என்று நான் வாதித்தேன். ஈற்றில், உழைப்பார் எவருமற்ற 16 வீடுகளுக்கு முழுப்பொதியும், எஞ்சிய 44 வீடுகளுக்கு அரைப்பொதியும் என முடிவாயிற்று. இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் இரண்டு நாட்கள் வீடுவீடாகச் சென்று நிலைமையை அறிந்து வந்தமையாலேயே இவ்வாறு பிரிக்க இயன்றது. அவருடைய பஸ் கட்டணத்தை நிதியிலிருந்து கொடுத்தோம். நிருவாகச் செலவுக்கு ஒரு சதமேனும் போகலாகாது என்று வெளிநாட்டு அன்பர் ஒருவர் எழுதினார். அவருக்கு நான் விடையிறுத்தது இதுவே: அக்கட்டணம் செலவாகாதிருந்தால், அவர் அனுப்பிய அரிசி எவ்வீட்டுக்கு மிகத் தேவை என்பதை எவரும் அறிந்திரார்.

மாணவர்களே, நாளை நீங்களும் ஏதேனும் ஒரு சங்கத்தின் பணப்பெட்டியைக் காக்க நேரும். அப்பொழுது எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று கேட்பதோடு நில்லாது, கொடுத்த ஒவ்வொரு ரூபாவும் எவருடைய கோப்பையில் எவ்வளவு சோறாயிற்று என்றும் கேளுங்கள்.