தேயிலை மலையில் பாய்மரப் பேச்சு

கடலைக் காணாத ஊரில் கடலைப்பற்றிய பேச்சு நடப்பது அரிது. எங்கள் ஹட்டன் கடல்மட்டத்திற்கு 4,100 அடிக்குமேல் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. மழை, மூடுபனி, கொழுந்தின் வரத்து, நாட்சம்பளம் ஆகியவையே இங்கு நித்திய சம்பாஷணை. ஆயினும் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பதினைந்து நாட்கள் எங்கள் வீட்டில் பாய், நங்கூரம், காற்றின் திசை என்பவற்றைத் தவிர வேறு பேச்சே இல்லை. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த தோழியும் அவள் கணவரும் விடுமுறைக்கு வந்திருந்ததே அதற்குக் காரணம்.

தோழி டிக்கோயாவுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இங்கிலாந்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றாள். அவள் கணவரோ வல்வெட்டித்துறைக்காரர். அவரும் பொறியியலாளர் உத்தியோகத்தை முடித்துக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் தத்தம் குடும்பத்தோடு தனியே இருக்கிறார்கள். இனி வீட்டை விற்று, 38 அடி நீளமுள்ள ஒரு பாய்க்கப்பலை வாங்கி, அதிலேயே குடியிருந்துகொண்டு நாடு நாடாகச் செல்வது என்பது அவருடைய திட்டம். வீட்டுக்கு ஆளும் அகப்பட்டுவிட்டார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "சொந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்து போடுகிறேன்" என்று தோழி அதை ஒத்திவைத்திருந்தாள்.

வல்வெட்டித்துறைக்காரருக்கு இவ்வாசை பிறந்ததில் வியப்பில்லை. அவ்வூர்ச் சிற்பிகள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை 1930களில் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். ராபின்சன் ஏற்கெனவே சிறு படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று புதுப் பெயர் பூண்ட அக்கப்பல், வல்வை மாலுமிகளையே ஏற்றிக்கொண்டு, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இக்கதையை நண்பர் முதல்நாள் இரவே சொல்லிவிட்டார். மறுநாளும் சொன்னார்.

ஹட்டனுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பூகோளப் படத்தை விரித்துக் காட்டினார். ஹட்டன் ஒரு நீர்பிரி மேட்டில் அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் விழும் மழை ஹட்டன் ஓயா வழியாக மகாவலியைச் சேர்ந்து, திருக்கோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மறுபக்கம் விழுவது காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, களனி கங்கையாகிக் கொழும்பருகே கடலை அடைகிறது. முப்பது வருஷம் இவ்வூரில் பாடம் நடத்திய எனக்கு, எங்கள் கூரைத் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகிறது என்று அன்றுதான் யோசிக்கத் தோன்றியது.

நுவரெலியாவில் அப்பொழுது வசந்தகாலக் கொண்டாட்டம். ஹட்டனில் புகையிரதம் ஏறினோம். கொட்டகலையைத் தாண்டியதும் டெவன் அருவியும் சென்கிளயர் அருவியும் தென்பட்டன. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் செயற்படத் தொடங்கியதிலிருந்து சென்கிளயருக்குப் பழைய வேகம் இல்லை. தலவாக்கலைக்கப்பால் பாதை பாம்புபோல் வளைந்து ஏறுகிறது. நானுஓயாவரை இப்பாதையை 1885ஆம் ஆண்டிலேயே போட்டு முடித்துவிட்டார்கள். (நாங்கள் சென்ற அதே வருஷம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையே உலுக்கி, இவ்விரும்புப் பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. பயணம் போக எண்ணுகிற வாசகர்கள் விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.)

நுவரெலியாவில் நண்பர் முதலில் தேடியது கிரகரி வாவியைத்தான். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் உருவான செயற்கை ஏரி அது. அங்கே அன்னப்பறவை வடிவிலான மிதிபடகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. சமுத்திரத்தைக் கடக்கப்போகிற தம்பதிகள் அவற்றுள் ஒன்றில் ஏறினார்கள். ஏரி நடுவே காற்றும் தூறலும் ஒருங்கே வந்தன. அன்னம் கரையைப் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. "திசையைப் பாருங்கள்" என்று அவளும், "காலை மிதி" என்று அவரும் போட்ட சத்தம் கரையிலிருந்த எங்களுக்கெல்லாம் நன்றாகவே கேட்டது. மனஸ்தாபம் தேநீர்க் கடையில்தான் தணிந்தது.

அக்கடையிலே பேச்சு லிப்டன்மேல் திரும்பியது. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டனை எல்லாரும் தேயிலை வியாபாரியாகவே அறிவர். அவர் பாய்க்கப்பல் பித்தருங்கூட. 'ஷாம்ராக்' என்று பெயரிட்ட ஐந்து கப்பல்களை, ஒன்றன்பின் ஒன்றாக, 1899 முதல் 1930 வரை அமெரிக்கக் கோப்பைப் போட்டிக்கு அனுப்பினார். ஐந்து முறையும் தோல்வியே. "அந்தக் கப்பல்களெல்லாம் நம் சனங்கள் கிள்ளிய கொழுந்தில் மிதந்தவைதானே" என்றாள் தோழி. நண்பர் கோப்பையிலிருந்த தேநீரைப் பார்த்தபடி இருந்தார்.

கப்பல் குடித்தனம் உல்லாசம் என்று நினைப்பவர்களுக்கு அவர்களுடைய ஆயத்தங்களைச் சொல்ல வேண்டும். இருவர் மட்டுமே இருக்கும் கப்பலில் இருவரும் ஒருசேர உறங்க முடியாது. ஒருவர் விழித்திருந்து காற்றையும் பிற கப்பல்களின் விளக்குகளையும் கவனிக்க வேண்டும். அதற்காக மூன்று மணிக்கொரு தரம் எழுந்து அவர்கள் வீட்டிலேயே பழகியிருந்தார்கள். குடிநீரை அளந்து செலவிட வேண்டும். பாத்திரத்தைக் கடல்நீரில் அலம்பலாம். காற்று வலுப்பதற்கு முன்னரே பாயைச் சுருக்கிவிட வேண்டும், வலுத்தபின் சுருக்குவது கடினம். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடப்பதென்றால் சூறாவளிப் பருவம் கழிந்து, வியாபாரக் காற்று நிலைக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். செங்கடல் வழியாகத் திருக்கோணமலைக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் நண்பரின் உள்ளக்கிடக்கை. ஆனால் 2023இன் இறுதியிலிருந்து அக்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் அவ்வழியை விட்டுவிட்டார்.

தோழிக்குத் தைரியம் கொடுத்தது கணவரின் கணக்குப் புத்தகமல்ல. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்துத் தில்னா என்ற இரு இந்தியக் கடற்படை அதிகாரிகள் அந்நாட்களில் 'தாரிணி' என்னும் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இருவரே செலுத்திய படகு. 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, கொந்தளிப்புக்குப் பேர்போன ஹோர்ன் முனையையும் சுற்றி, 2025 மே 29ஆம் தேதி திரும்பினார்கள். அவர்களைப்பற்றிய செய்தியைத் தோழி தினமும் தேடிப் படிப்பாள்.

டிக்கோயாவில் அவளுடைய சின்னம்மா இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். கூடைக் கயிறு அழுத்திய தடம் நெற்றியில் இன்னும் தெரிகிறது. நாங்கள் போனபோது றொட்டியும் சம்பலும் தேநீரும் வந்தன. நண்பர் ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து, இழுத்தாலும் நழுவாத, வேண்டும்போது எளிதில் அவிழக்கூடிய மாலுமிக் கண்ணியைப் போட்டுக் காட்டினார். கிழவி அதை வாங்கி இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே முடிந்து அவர் கையில் கொடுத்தார். பிறகுதான் விஷயத்தைக் கேட்டார்.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கக் கூடாது. ஊர் சுத்துங்க, கப்பல்ல போங்க, வேணாங்கல. ஆனா வீட்ட எதுக்குய்யா விக்கணும்?"

நண்பர் செலவுக் கணக்கை விளக்கினார். சின்னம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு தம் கதையைச் சொன்னார். அவருடைய பாட்டி தோணியிலே கடலைக் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர். அவருடைய மூத்த அண்ணன், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவர்களின் கணக்கில் விழுந்தவர். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை அவ்வாறு எண்ணி வைத்தது. தலைமன்னாரில் கப்பலேறிய அண்ணனை அவர் பின்னர் பார்க்கவேயில்லை. "நாலு தலைமுறையா இந்த லயத்துல இருக்கோம். இதுல ஒரு செங்கல்லு எங்களுக்குச் சொந்தமில்ல. ஏழு பேர்ச்சுக் காணி தாரோமுன்னு சொல்றாங்க, வந்தா பாப்போம். எங்க வம்சத்துல மொத மொதல்ல பத்திரம் வச்சிருக்கறது இந்தப் புள்ளதான்" என்று தோழியின் தலையைத் தடவினார்.

வல்வைக்காரருக்குக் கடல் என்பது முற்றம். போனவர்கள் சரக்கோடு திரும்பி வரும் பாதை. மலையகத்தாருக்கோ அது ஒருமுறை கடந்தால் உறவை அறுத்துவிடும் கோடு. முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்த இருவருக்கிடையே இவ்வேற்றுமை இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். அவர்களும் அதற்குமுன் கண்டிருந்தார்களோ என்னவோ.

திரும்பும் வழியில் நண்பர் வாய் திறக்கவில்லை. இரவு வெகுநேரம் விளக்கு எரிந்தது. காலையில் தோழி லண்டனுக்குத் தொலைபேசியில் பேசி, வீடு விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டாள். வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு. அப்படியானால் 38 அடிக் கப்பலுக்குப் பணம் போதாது. நண்பரின் முகத்தில் வாட்டம் இருந்தது உண்மை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் புதுக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலத் தம்பதிகள் 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றிய 'வாண்டரர் 3' என்ற கப்பலின் நீளம் 30 அடிதானாம்.

"முப்பதடி என்றால் லயத்துக் காம்பராவைவிடப் பெரிதுதான்" என்றாள் தோழி.

புறப்படும் தினம் சின்னம்மா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். இரண்டு கிலோ தேயிலைத் தூள். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்குமென்று மூன்று பொலித்தீன் பைகளில், ஒன்றனுள் ஒன்றாகப் போட்டு, வாயை அந்த மாலுமிக் கண்ணியாலேயே கட்டியிருந்தார்.