மோரீஸ் தீவில் ஒரு ஞாயிறு

நாம் மோரீஸ் தீவில் தங்கிய நாட்களுள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் நிலைத்துவிட்டது.

அதிகாலையில், கீழைக் கரையிலுள்ள பெல் மார் மணலில் யோகாசனம் பழகினோம். கடலினின்றும் கதிரவன் எழும்போதே சூரிய நமஸ்காரம் செய்வது தனி ஆனந்தம். மறுநாள் கண்ட முதுகுவலியைப் பற்றி இங்கே விவரிப்பதற்கில்லை!

முற்பகலில் ஒரு நாட்டியப் பள்ளிக்குச் சென்றோம். பரத நாட்டியம் பயின்ற சிறுமியர் நம்மையும் வரிசையில் நிறுத்திவிட்டனர். அவர்களுடைய முத்திரைகளில் பிழையே இல்லை. ஆனால் பாட்டின் பொருளைக் கேட்டதும் நாணிச் சிரித்தனர். வீட்டில் அவர்கள் பேசுவது கிரியோல் மொழி.

இதில் வியப்பில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18-ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர் அங்கே சென்றனர். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் கப்பலேறினர். தலைமுறைகள் மாற, மொழி நாவைவிட்டு அகன்றது.

பிற்பகலில் ஊதியம் கருதாமல் தமிழ் கற்பிக்க அமர்ந்தோம். ஒரு சிறுவனுடைய குடும்பப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. கூட்டிப் பார்த்தோம், நம் ஊர் 'முத்து'! கப்பலேறிய முன்னோர் ஒருவரின் பெயராகத்தான் இருக்கவேண்டும். கரும்பலகையில் தமிழில் எழுதிக் காட்டினோம். அவன் பத்து முறை எழுதி, அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பாட்டிக்குக் காட்டவேண்டுமாம்.

திரும்புகையில் பஸ் கட்டணம் கொடுக்க நோட்டை எடுத்தோம். அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு. எனினும், சிறுவன் மடித்துச் சென்ற தாளையே நாம் பெருந்தொகையாக மதிக்கிறோம்.